சொல்லிவிட்டு அடித்தவர்

உங்களுக்கும் என் வயதுதான் இருக்கும். எழுந்திருக்கும்போது எதையாவது பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பீர்கள். அப்பாவிடம் அடி வாங்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். சின்னவர்களிடம் சொன்னால் “அடிப்பாரா?” என்று அந்த ஒரு வார்த்தையிலேயே நின்றுவிடுகிறார்கள்.

என் அப்பா அடிப்பார். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் அடிப்பார். கொல்லிமலையில் எங்கள் பக்கத்து ஊர்களில் அவருக்குப் பேரே அதுதான்: சொல்லி அடிக்கிறவர்.

ஒருமுறை பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் எங்கள் சாமை வைக்கோற்போருக்குத் தீ வைத்துவிட்டான். எரிந்த தாளின் நாற்றம் நாலு நாள் எங்கள் கம்பளியில் இருந்தது. அப்பா அவன் வீட்டு வாசலில் போய் நின்று, “அறுப்பு முடிஞ்ச மூணாம் நாளு வாரேன். உன்னை அடிக்கத்தான் வாரேன். தடி எடுத்து வெச்சுக்க” என்று சொல்லிவிட்டு வந்தார். மூன்றாம் நாள் போனால் அவன் குளிர்க்காய்ச்சலில் போர்த்திப் படுத்திருந்தான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பெண்சாதி கொடுத்த கூழைக் குடித்துவிட்டுத் திரும்பினார். அவன் எழுந்து காட்டுக்குப் போகிற வரையில் காத்திருந்தார். பிறகு போய் அவன் தோள்பட்டை எலும்பை உடைத்தார். உடைத்த கையோடு அவனைத் தன் முதுகில் தூக்கிக்கொண்டு எலும்பு கட்டுகிறவரிடம் போனார். அந்த ஆள் சாகும்வரை எங்களோடு நல்லபடியாகத்தான் இருந்தான்.

விழுந்தவனை அடிக்க மாட்டார். வெறுங்கையோடு நிற்பவனை அடிக்க மாட்டார். பின்னாலிருந்து அடிப்பதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எச்சில் துப்புவார். அம்மாவை ஒருநாளும் தொட்டதில்லை. எங்களை ஒன்றே ஒன்றுக்குத்தான் அடிப்பார், பொய்க்கு.

என் அண்ணன் ஆடு மேய்க்கப் போன இடத்தில் பலா மரத்தடியில் தூங்கிவிட்டான். செந்நாய்கள் ஒரு குட்டியைக் கிழித்துவிட்டன. சிறுத்தை வந்தது என்று அண்ணன் சொன்னான். அப்பா இரண்டு நாள் அலைந்து தடம் பார்த்துவிட்டு வந்தார். “நாளைக்குக் காத்தால உனக்கு ஆறு அடி” என்றார். அவ்வளவுதான். பிறகு எப்போதும்போல அவனுக்குக் களி போட்டார், பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டார். அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது. விடியும்வரை அவன் பல் அடித்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது. முன்கூட்டிச் சொல்வது எதிராளிக்குச் செய்யும் மரியாதை என்று அப்பா நினைத்தார். ஒரு பிள்ளைக்கு அடியைவிட அந்தக் காத்திருப்புதான் கொடுமை என்று அவருக்குத் தோன்றவேயில்லை. அடித்து முடித்ததும் அன்று முழுக்க அவரும் சாப்பிடவில்லை. அது யாருக்கு என்ன பிரயோசனம்?

நான் சொல்ல வந்தது அதற்கடுத்த வருஷத்து மழைக்காலம். எனக்கு அப்போது பத்து வயது. எங்கோ கடலுக்கு அப்பால் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. அதற்கு மரம் வேண்டும் என்றார்கள். கீழ்நாட்டு கன்ட்ராக்டர் ஒருவர் எங்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த காட்டைக் குத்தகைக்கு எடுத்தார். விடிந்தால் ரம்பச் சத்தம். மரம் விழும்போது வீட்டுச் சுவரில் மண் உதிரும். மேலே கூரைபோல இருந்த இலையெல்லாம் போய், ஓடைக்கரையில் முதன்முதலாக வெயில் சுட்டது.

கன்ட்ராக்டர் காவலுக்கு ஒரு வாட்சரை வைத்திருந்தார். ஒல்லியான ஆள். காக்கி அரைக்கால் சட்டை, அகலமான தோல் பெல்ட், அதில் பித்தளைப் பக்கிள். மெதுவாகத்தான் பேசுவான். ஒருநாள் என்னை வழியில் பார்த்து ஒரு துண்டு வெல்லம்கூடக் கொடுத்தான். நான் தின்றேன். பின்னால் பல நாள் அந்த இனிப்பு ஞாபகம் வந்து காறிக் காறித் துப்பியிருக்கிறேன்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, புருஷன் செத்து எங்கள் வீட்டோடு இருந்தாள். கழுத்து நிறையச் சிவப்புப் பாசிமணி போட்டிருப்பாள். நானும் அவளும் எப்போதும்போல ஓடை தாண்டிச் சுள்ளி பொறுக்கப் போனோம். கட்டித் தலையில் ஏற்றும்போது வாட்சரும் மூன்று ஆட்களும் வந்தார்கள்.

“யாரைக் கேட்டு எடுத்தே?”

“காஞ்ச சுள்ளிதானுங்க. எப்பவும் எடுக்கறதுதானுங்க.”

வாட்சர் பெல்ட்டைக் கழற்றினான். கழற்றுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், எதற்கென்று புரியவில்லை. முதல் அடி முதுகில். அத்தை திரும்பினாள். இரண்டாவது அடியில் பக்கிள் அவள் இடது கண்ணில் விழுந்தது. பழுத்த நாவல்பழத்தை மிதித்தது போல ஒரு சின்னச் சத்தம். அத்தை கத்தவில்லை, முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டாள். பாசிமணி அறுந்து சருகெல்லாம் சிதறியது. அவன் அடிப்பதை நிறுத்தவில்லை. நான் ஓடிப்போய் அவன் கையைக் கடித்தேன். என் மயிரைப் பிடித்துத் தூக்கி உண்ணிச்செடிப் புதரில் எறிந்தான்.

புதரிலிருந்து என்னைத் தூக்கியவன் அந்த மூன்று பேரில் ஒருவன். இளவயசு. தலையில் பச்சைத் துண்டு கட்டியிருந்தான். என் தொடையில் ஏறியிருந்த முள்ளைப் பிடுங்கி, “போ கண்ணு. அத்தையைக் கூட்டிக்கிட்டுப் போயிரு” என்றான்.

அத்தை எழுந்திருக்கவில்லை. சருகைத் துழாவித் துழாவி மணியைப் பொறுக்கினாள். ரத்தம் சொட்டிய மணி எது, சும்மா கிடந்த மணி எது என்று தெரியவில்லை, எல்லாம் ஒரே சிவப்பு. கைக்கு வந்ததை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தோம். கண் போய்விட்டது.

செய்தி கேட்டு வாசலூர்பட்டியிலிருந்து மாமா ஓடிவந்தார். அம்மாவின் தம்பி. இருபத்திரண்டு வயது இருக்கும். வரும்போதெல்லாம் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு அன்னாசிக் காட்டைச் சுற்றிக் காட்டுகிறவர், சிரித்தால் ஈறெல்லாம் தெரியும். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

“மச்சான், அவன் தெனமும் ஒத்தையடிப் பாதையிலதான் போறான். மேல பாறையில நான் ஒருத்தன் உக்காந்தாப் போதும். ஒரு கல்லு. கரடி அடிச்சதுன்னு சொல்லிப்போடலாம்.”

அப்பா அத்தையின் கண்ணில் பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, “மறைஞ்சிருந்து அடிக்கறதுக்கு அவன் என்ன பன்னியா?” என்றார்.

மறுநாள் காலை குளித்து, வேட்டி மாற்றி, என்னை மட்டும் கூட்டிக்கொண்டு கன்ட்ராக்டரின் கொட்டகைக்குப் போனார். வாட்சர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“இந்த ஆளா சாமி?”

“ஆமாப்பா.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“இவன்தான்.”

அப்பா அவனைப் பார்த்துக் கும்பிட்டார். உண்மையாகத்தான் சொல்கிறேன், கும்பிட்டார். “வார வெள்ளிக்கிழமை உச்சிக்கு ஓடைத்துறைக்கு வாரேனுங்க. என் தங்கச்சியை அடிச்சதுக்கு உங்களை அடிக்கப் போறேன். நீங்களும் தடி கொண்டாங்க. ஒத்தையா வாங்க, நானும் ஒத்தையா வாரேன்.”

வாட்சர் டம்ளரைக் கீழே வைத்தான். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. “சரிங்க. வாரேன்” என்றான்.

வீட்டில் அம்மா கேட்டாள். “ஏனுங்க, அவன் ஒத்தையா வருவானுங்களா?”

“வாரேன்னு சொல்லியிருக்கறான்.”

“அவன் சொல்லு ஒரு சொல்லுங்களா?”

“அது அவன் பாடு. நான் சொன்னது என் பாடு.”

மாமா அந்தப் பக்கமே வரக்கூடாது என்று அப்பா விளக்கைத் தொட்டுச் சத்தியம் வாங்கினார். மாமா தொட்டார். வெள்ளிக்கிழமை அப்பா தடியோடு படி இறங்கியதும், கூரை இடுக்கில் செருகியிருந்த எங்கள் கொடுவாளை அம்மா உருவி மாமா கையில் கொடுத்தாள்.

“சத்தியம் பண்ணியிருக்கறனே அக்கா.”

“நான் பண்ணலையே. போடா. அக்கா சொல்றேன், போ.”

மாமா போனார். நானும் அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன்.

ஓடைத்துறையில் முழங்கால் அளவுத் தண்ணீர். இரண்டு பக்கமும் மூங்கில். நான் மேலே பாறை இடுக்கில் ஒட்டிக்கொண்டேன். எனக்குக் கொஞ்சம் கீழே மாமா பதுங்கியிருந்தார். அப்பா தண்ணீர் நடுவில் நின்றார். வாட்சர் தடியோடு வந்தான். தனியாகத்தான் வந்தான். அப்பாவின் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. தான் ஒரு ஆளை நம்பியது வீண்போகவில்லை என்கிற மாதிரி.

“ஆரம்பிக்கலாமுங்களா?”

வாட்சருக்கும் தடி சுற்றத் தெரிந்திருந்தது. முதல் அடி அவனுடையது. அப்பாவின் காது மடல் கிழிந்து தொங்கியது. அப்பாவின் அடி அவன் விலாவில் இறங்கியபோது, பட்டுப்போன கிளை ஒடிகிற சத்தம் பாறைவரை கேட்டது. தண்ணீர் தெறிக்க இருவரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மூச்சு மாட்டின் மூச்சு மாதிரி இருந்தது. அப்பா ஓங்கி ஒரு அடி அடித்தார். அதைத் தடுத்த வாட்சரின் தடி இரண்டாக முறிந்து ஒரு துண்டு தண்ணீரில் போயிற்று.

அப்பா தடியைத் தாழ்த்தினார்.

“வேற தடி எடுத்துக்குங்க” என்றார்.

வாட்சர் இரண்டு விரலை வாயில் வைத்துச் சீழ்க்கை அடித்தான். மூங்கிலுக்குப் பின்னாலிருந்து மூன்று பேரும் வந்தார்கள். பின்னால் வந்தவன் முழங்கால் மடிப்பில் அடித்தான். அப்பா சரிந்தார். அடுத்தது பின்னந்தலையில். தண்ணீரில் குப்புற விழுந்தவரை மிதித்துக்கொண்டு அடித்தார்கள். வாட்சர் முறிந்த தடியின் கூர்முனையால் அவர் முதுகில் குத்தினான். தண்ணீர் சிவந்து, கீழே போகப் போக ரோஜா நிறமாக மாறியது. பச்சைத் துண்டுக்காரனும் தடியை ஓங்கிக்கொண்டு நின்றான். அவன் அடித்தானா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன். ஓங்கிய தடியைத்தான் பார்த்தேன், இறங்கியதைப் பார்க்கவில்லை.

மாமா எழுந்து நின்று ஒரு கத்துக் கத்தினார். வார்த்தை ஒன்றும் இல்லை. கொடுவாளை வாட்சரைப் பார்த்து வீசினார். வாட்சர் குனிந்தான். அது அவனைத் தாண்டிப் போய்ப் பச்சைத் துண்டுக்காரனின் கழுத்தில் இறங்கியது.

அவன் தண்ணீரில் உட்கார்ந்தான். கழுத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு, யாரோ கூப்பிட்டது போல எங்கள் பாறைப் பக்கம் பார்த்தான். விரலிடுக்கில் ரத்தம் பீறிட்டுப் பீறிட்டு வந்தது. பிறகு மல்லாந்தான். துண்டு அவிழ்ந்து ஓடையோடு போயிற்று. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள்.

மாமா இறங்கி அப்பாவைக் கரைக்கு இழுத்தார். அப்பா கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு மாமாவைப் பார்த்தார். செத்தவனைப் பார்த்தார்.

“வராதேன்னு சொன்னேனே மாப்ளே.”

மாமா ஓவென்று அழுதார்.

“சரி. போ. ஊட்டுக்குப் போயிரு” என்றார் அப்பா.

போலீஸ் மலையேறி வர இரண்டு நாள் ஆயிற்று. கொடுவாள் எங்களுடையது, அப்பாதான் வீசினார் என்று வாட்சர் எழுதிக் கொடுத்திருந்தான். எங்கள் வாசலிலேயே வைத்து விசாரித்தார்கள்.

“நீதானே கொன்னே?”

“நான் கொல்லலைங்க.”

“பின்னே எவன்?”

“அதைச் சொல்ல மாட்டேனுங்க.”

“தெரியுமா, தெரியாதா?”

“தெரியுமுங்க. சொல்ல மாட்டேன்.”

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு அந்த அடி விழுந்திருக்காது. துப்பாக்கிக் கட்டையால் வாயில் இடித்தார்கள். இரண்டு பல் உதிர்ந்தது. மாமா வாசல் ஓரத்தில் கோழிக்கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு அடிக்கும் வாயைத் திறந்தார், அப்பா ஒவ்வொரு முறையும் அவரைப் பார்த்துத் தலையை அசைத்தார். கையில் விலங்கு போட்டு இறக்கிக்கொண்டு போனார்கள்.

மாமாவுக்காக அப்பா தூக்கில் தொங்கவும் தயாராக இருந்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. நகைநட்டெல்லாம் விற்று ஒரு வக்கீலைப் பிடித்தாள். வக்கீல் நல்ல மனிதர்தான். என்னை எதிரில் உட்கார வைத்துச் சொன்னார்:

“பாப்பா, நீ பாறை மேல இருந்தே. கொடுவாள் உங்கப்பா இடுப்பிலே இருந்துச்சு. வாட்சர் அதைப் புடுங்கி உங்கப்பா மேல வீசினான். குறி தவறி அந்த ஆள் மேல பட்டுடுச்சு. அவ்வளவுதான் நீ சொல்லணும்.”

அப்பாவும் பிழைப்பார், மாமாவும் பிழைப்பார். மாட்டுகிறவன் வாட்சர். அத்தையின் கண்ணை எடுத்தவன். இதைவிட நியாயமான பொய் உலகத்தில் உண்டா? நெல் குத்தும்போதும் தண்ணி எடுக்கும்போதும் அம்மா என்னை ஒப்பிக்கச் சொன்னாள். ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது எனக்கு.

விசாரணைக்காகக் காரவள்ளிவரை நடந்து இறங்கினோம். மலையை விட்டு நான் இறங்கியது அதுதான் முதல் தடவை. கீழே காற்றே வெந்துபோயிருந்தது. மாட்டு வண்டியில் வாந்தி எடுத்துக்கொண்டே சேலம் போனேன்.

கோர்ட்டு வராந்தாவில் மடியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முள்ளுக்குறிச்சிப் பக்கம் என்றாள். என்னைப் பார்த்து, “பசிக்குதா கண்ணு?” என்று முந்தானையிலிருந்து ஒரு கை வறுகடலை எடுத்தாள். அப்போது அப்பாவைச் சங்கிலியோடு கூட்டிவந்தார்கள். நான் “அப்பா!” என்று கத்தினேன். அவள் கை அப்படியே நின்றது. செத்தவனின் பெண்சாதி அவள்தான். கடலையைத் தரையில் போட்டுவிட்டுக் குழந்தையை இறுக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

உள்ளே என்னை ஒரு முக்காலி மேல் நிறுத்தினார்கள். பொய் சொன்னால் என்ன ஆகும் என்று ஜட்ஜ் கேட்டார். “எங்கப்பா அடிப்பாரு” என்றேன். கூடத்தில் சிரித்தார்கள். பிறகு வக்கீல் கேட்கக் கேட்க ஒப்பித்தேன். வாட்சர் புடுங்கினான், வீசினான், தவறிப்போச்சு. வாட்சர் எழுந்து, “ஐயோ, இல்லீங்க, இல்லீங்க சாமி!” என்று அலறினான். நல்லா அலறு என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண் வாட்சரைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்தது. முள் பிடுங்கிய கை ஞாபகம் வந்தது. ஆனாலும் ஒப்பித்து முடித்தேன்.

கூண்டிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

“பொண்ணு சொல்றது பொய்யிங்க.”

வக்கீல் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். ஜட்ஜ், “நீ பேசாமல் இருக்கலாம். பேசினால் உனக்கே பாதகமாகும்” என்றார்.

“இத்தனை நாளு பேசாமத்தானுங்க இருந்தேன். பேசாம இருந்தா என் தலையோட போயிருமுன்னு இருந்தேன். இப்ப இன்னொருத்தன் தலையில வெக்கறாங்க. இந்த ஆளு என் தங்கச்சி கண்ணை எடுத்தவன். சொன்ன சொல்லை மீறி ஆளை வெச்சு என்னை அடிச்சவன். அதெல்லாம் நெசம். இந்தக் கொலையை அவன் பண்ணலைங்க.”

“யார் செய்தது?”

அப்பா குழந்தையோடு இருந்த பெண்ணைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா இரண்டு கையையும் கூப்பி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“என் மச்சினனுங்க. என்னை அடிக்கறதைப் பொறுக்காம வீசிப்போட்டான். குறி இந்த ஆளுக்கு. பட்டது அவனுக்கு.”

மாமா கூடத்தின் கடைசியில் ஜன்னல் ஓரம் நின்றிருந்தார். வெளியே குதித்திருந்தால் தெரு. அவர் குதிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, “நான்தானுங்க” என்றார். அம்மா எழுப்பிய சத்தத்தை எழுத்தில் எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. வாட்சர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் நன்றி ஒன்றும் இல்லை. புரியாத பாஷை பேசுகிற ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

மாமாவுக்கு ஏழு வருஷம். அப்பாவை விட்டுவிட்டார்கள்.

திரும்பிவரும் வழியில் காரவள்ளியில், மலைப்பாதை ஏறுகிற இடத்தில், அம்மா குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். அப்பாவின் நெற்றியில் ஓங்கி இடித்தாள். மறுபடியும் இடித்தாள். அப்பா கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். மூன்றாவது முறை ஓங்கியபோது நானும் அண்ணனும் அவள் கையில் தொங்கினோம். கல்லை விட்டெறிந்துவிட்டு அவள் ஏற ஆரம்பித்தாள். முகமெல்லாம் ரத்தத்தோடு அப்பா பின்னால் ஏறினார். பாதி மலையில் நான் அவரிடம், “எனக்கு எத்தனை அடிப்பா?” என்று கேட்டேன்.

“உனக்கு அடி இல்லை சாமி. அது உன் பொய் இல்லை” என்றார்.

அதன்பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அம்மா அவரோடு பேசவில்லை. சோறு வைப்பாள், தட்டை நகர்த்திவிடுவாள். அத்தை ஒற்றைக் கண்ணோடு இருவருக்கும் நடுவில் சேதி சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா கையில் கொடுவாளைக் கொடுத்து அனுப்பியது தான்தான் என்பதை அம்மா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது நினைத்தால், கல்லால் அவள் யாரை அடித்தாள் என்றே எனக்குச் சந்தேகம்.

மாமாவைப் பார்க்க அனுமதி கிடைக்கிறபோதெல்லாம் சேலம் ஜெயிலுக்கு நடப்போம். அம்மாவும் நானும் முன்னால். தேனும் தினை உருண்டையும் கட்டிய மூட்டையோடு அப்பா பின்னால். அவர் உள்ளே வர மாட்டார். வாசலுக்கு எதிரில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார்.

ஒரு முறை வழியிலேயே அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஜெயில் வாசலில் நிற்க முடியாமல் தள்ளாடினாள். வேறு வழியில்லாமல் அப்பா அவள் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் மாமா. மொட்டைத் தலை, கழுத்தெலும்பு துருத்தியிருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்ற இருவரையும் மாமா மாறி மாறிப் பார்த்தார்.

“நெத்தியில என்னங்க மச்சான் தழும்பு?”

“உங்க அக்கா கல்லுல இடிச்சா” என்றார் அப்பா. அவருக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது.

மாமா கொஞ்ச நேரம் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகு, “அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லாம உட்டுட்டேன்” என்றார். “கோர்ட்டுக்கு மொத நாளு நான் ஜெயிலுக்கு வந்து மச்சானைப் பாத்தேன். அந்தக் கைப்புள்ளைக்காரியை வராந்தாவுல பாத்ததுல இருந்து எனக்குச் சோறு எறங்கலை. எனக்கு வாய் வராது, நீங்களே எம் பேரைச் சொல்லிப்போடுங்கன்னு நான்தான் அவரு காலைப் புடிச்சேன். மாட்டேன்னுதான் சொன்னாரு. நான்தான் சத்தியம் வாங்கிக்கிட்டேன். அவரு மேல கோவிக்காதே அக்கா.”

எனக்கு அது பொய்யென்று தெரியும். கோர்ட்டுக்கு முதல் நாள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை மாமா என்னை ரயிலடியில் வைத்து ரயில் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணையும் நாங்கள் மறுநாள்தான் முதன்முதலில் பார்த்தோம். அம்மா அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் இல்லை. காய்ச்சலில் சிவந்த கண்ணோடு அப்பா பக்கம் திரும்பினாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவரைப் பார்த்து அவள் பேசிய முதல் பேச்சு:

“நெசமாங்க?”

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா கண்ணை எடுக்காமல் அவரைப் பார்த்தார். வார்டர் நேரமாயிற்று என்று சாவிக்கொத்தைத் தட்டினார். கூண்டுக்குள் நின்றபோதுகூட அப்பாவின் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை.

“ஆமா” என்றார்.

அம்மா அவர் தோளில் சாய்ந்து விம்மினாள். வெளியே வந்ததும் அப்பா வேகமாக வேப்பமரத்தின் பின்புறம் போய்க் குனிந்தார். காலையில் குடித்த கூழெல்லாம் வாந்தியாக வந்தது. ஒன்றும் மிச்சமில்லாமல் போனபிறகும் உடம்பு குலுங்கிக்கொண்டேயிருந்தது. அம்மா தள்ளாடிக்கொண்டே அவர் பின்னால் போனாள். ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவர் நெற்றியைத் தாங்கிக்கொண்டாள்.